மீன் குறைந்த ரீஃப் தொட்டியில் தண்ணீரைச் சீராக வைப்பது எப்படி? சிங்கப்பூர் வீடுகளுக்கான முழு வழிகாட்டி

ரீஃப் தொட்டி என்றால் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. கணக்குப் பார்க்க வசதியாக ஒரு மாதிரித் தொட்டியை வைத்துக்கொள்வோம். இரண்டடி நீளம். பாறையும் மணலும் போக உள்ளே நிற்கும் தண்ணீர் 100 லிட்டர். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு சின்ன கோபி மீன், ஏழெட்டுப் பவளத் துண்டுகள். வீவக வீட்டின் கூடத்தில் இருக்கிறது. கீழே வரும் கிராம் கணக்கெல்லாம் இந்த 100 லிட்டருக்குத்தான். உங்கள் தொட்டி பெரிதானால் அதற்கேற்பப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட தொட்டி அழுக்கு சேர்ந்து கெட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. சும்மா இருக்க மாட்டாமல் கைவைத்துத்தான் பலரும் கெடுக்கிறார்கள். ஒரு எண் கொஞ்சம் இறங்கினால் ஒரு புட்டி மருந்து, இன்னொன்று ஏறினால் இன்னொரு புட்டி. அதனால் எதைச் செய்வது என்பதைவிட எந்த வரிசையில் செய்வது, எப்போது சும்மா இருப்பது என்பதில்தான் இங்கே அதிகம் நிற்கப்போகிறேன்.

ஒரு சொல் பற்றி மட்டும். காரத்தன்மை என்று எழுதினால் பாதிப் பேர் அதை பிஎச் என்று படித்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு. பிஎச் என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், கார்பனேட் இருப்பைத்தான் காரத்தன்மை, சுருக்கமாகக் கேஎச், என்கிறோம். பவளம் எலும்புக்கூடு கட்ட எடுத்துக்கொள்வது இதைத்தான். கேஎச் அளவை டிகேஎச் என்ற அலகில் சொல்வது வழக்கம்.

1. தண்ணீர் ஊற்றும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆர்ஓ-டிஐ வடிகட்டி (ஆர்ஓ என்பது சவ்வு, டிஐ என்பது மிச்சத்தைப் பிடிக்கும் பிசின்), தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர், உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், அதைச் சரிபார்க்க 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவம், நம்பகமான வெப்பமானி. கேஎச், கால்சியம், மெக்னீசியம், நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய ஐந்துக்கும் டெஸ்ட் கிட், தொடக்க வாரங்களுக்கு அம்மோனியா, நைட்ரைட் கிட்டும். 0.1 கிராம் வரை காட்டும் தராசு. ஒரு நோட்டுப் புத்தகம்.

செராங்கூன் நார்த் கடைகளில் விளக்குக்கு நானூறு வெள்ளி எண்ணிக் கொடுப்பவர், இருபது வெள்ளித் தராசுக்கு யோசிப்பார். தேக்கரண்டிக் கணக்கு இங்கே உதவாது. ஒரே கரண்டி சமையல் சோடா, அழுத்தி அள்ளினால் ஒரு எடை, பொலபொலவென்று அள்ளினால் வேறு எடை.

டெஸ்ட் கிட்களைச் சன்னலோரத்தில் வைக்காதீர்கள். வெயிலும் வெக்கையும் மருந்தைக் கெடுக்கும். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

2. குழாய்த் தண்ணீரை வடிகட்டுதல்

நம் குழாய்த் தண்ணீர் குடிக்க அருமையானது. பவளத்துக்கு அப்படியே ஆகாது. பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமி நீக்கத்துக்குக் குளோராமின் சேர்க்கிறது. அது வெறும் குளோரினைப் போல வாளியில் ஒரு நாள் வைத்தால் பறந்துபோகாது. நன்னீர் மீன் வளர்த்தவர்கள் குளோரின் நீக்கிச் சொட்டு மருந்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அது குளோராமினைப் பார்த்துக்கொள்ளும், ஆனால் சிலிகேட்டும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அப்படியே உள்ளே வரும்.

வடிகட்டியில் வரிசை இப்படி இருக்கட்டும்: வண்டல் வடிகட்டி, கார்பன், ஆர்ஓ சவ்வு, கடைசியில் டிஐ. குளோராமினை உடைக்கக் கார்பனுக்கு நேரம் தேவை. அதனால் குளோராமினுக்கென்றே விற்கும் கார்பனை வாங்குங்கள், முடிந்தால் இரண்டு போடுங்கள். உடைந்தபின் மிஞ்சும் அம்மோனியாவில் ஒரு பங்கு சவ்வைத் தாண்டி வரும். அதைப் பிடிப்பது டிஐ. டிஐ தேவையில்லை என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டிஐக்குப் பிறகு டிடிஎஸ் 0 காட்ட வேண்டும். 2, 3 என்று ஏற ஆரம்பித்தால் பிசினை மாற்றும் நேரம். வடிகட்டி சும்மா கிடந்த பிறகு திறந்தால், முதலில் வரும் ஒன்றிரண்டு லிட்டரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். சவ்வின் இரு பக்கமும் தண்ணீர் கலந்து நின்றிருப்பதால் டிடிஎஸ் கூடுதலாக இருக்கும்.

சேமிப்பது உணவுத்தர பிளாஸ்டிக் தொட்டியில். செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று ஒருவர் ஆர்ஓ தண்ணீரையும் அதிலேயே பிடித்து வைத்திருந்தார். நத்தையும் இறாலும்தான் முதலில் போயின. முதுகெலும்பில்லாத உயிர்களுக்குத் தாமிரம் நஞ்சு. பித்தளை அண்டாவும் வேண்டாம். அப்புறம், மூடி இறுக்கமாக இருக்கட்டும். திறந்து கிடக்கும் சுத்தமான தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி கதவைத் தட்டும் நாளில் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

3. உப்பு கரைத்தல்

முதலில் தண்ணீர், பிறகு ரீஃப் தொட்டிக்கென்று விற்கும் உப்பு. வாளியில் உப்பைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால், அடியில் தங்கும் மிகச் செறிவான கரைசலில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைப் பொடியாக இறங்கிவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் அது கரையாது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கை கையாகத் தூவுங்கள்.

10 லிட்டருக்கு ஏறக்குறைய 360 முதல் 400 கிராம் வரை ஆகும், உப்பின் நிறுவனத்தைப் பொறுத்து. எடை போட்டுக் கரைத்து, தெளிந்தபின் அளந்து, 35 பிபிடிக்குக் கொண்டுவாருங்கள்.

ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீர் விட்டு 0 வைத்துச் சரிபார்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 0-வில் சரியாக இருக்கும் கருவி 35-இல் இரண்டு மூன்று தள்ளிக் காட்டலாம். நாம் அளக்கப்போவது 35-க்குப் பக்கத்தில், அதனால் 35 பிபிடி திரவத்தைக் கொண்டே சரிபார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை போதும்.

உப்பு வாங்கும்போது பொட்டலத்தில் கேஎச் எவ்வளவு என்று பாருங்கள். சிலது 7, 8. சிலது 11, 12. மீன் குறைந்த, சத்து (நைட்ரேட், பாஸ்பேட்) குறைந்த தொட்டிக்கு 7 முதல் 8.5 வரை வரும் உப்பே என் தேர்வு. சத்து இல்லாத தண்ணீரில் கேஎச் உயரமாக இருந்தால், கல் போன்ற கூடு கட்டும் கல்பவளங்களின் நுனி வெளுத்துக் கருகுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே, ஈஸ்ட் கோஸ்டில் இரண்டு கேன் பிடித்து வரலாமே என்பார்கள். கரையோரத் தண்ணீர் கலங்கல், மழைநீர் கலந்து உப்பும் 35-க்குக் கீழே. கப்பல்கள் வரிசைகட்டி நிற்கும் நீர் வேறு. விட்டுவிடுங்கள்.

4. வெப்பமும் ஆவியாதலும்

குறி 25 முதல் 27 டிகிரி. கூடத்தில் சும்மா வைத்தால் தொட்டி 29, 30-ஐத் தொடும். விளக்கும் பம்பும் சேர்ந்தால் அதற்கு மேலும் போகும். விசிறி வைத்தால் இரண்டு டிகிரி குறையும், காற்று வறண்ட நாளில் மூன்று. நம் ஊர் ஈரப்பதத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கல்பவளம் வைப்பதாக இருந்தால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கிவிடுங்கள், அது கக்கும் சூடான காற்று வெளியேற இடம் விட்டு.

விசிறிக்கு இன்னொரு விலை உண்டு. என் தொட்டியில் தினம் 2 லிட்டர் ஆவியாகிறது. தண்ணீர்தான் போகிறது, உப்பு அங்கேயே நிற்கிறது. மூன்று நாள் நிரப்பாமல் விட்டால் 100 லிட்டர் 94 ஆகும், 35 பிபிடி 37-ஐத் தாண்டும். அதனால் தானாக நிரப்பும் மிதவைக் கருவி அவசியம். அதில் ஆர்ஓ-டிஐ தண்ணீர் மட்டுமே. குறைந்த தண்ணீருக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவது புதியவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தவறு.

5. கிருமிகள் குடியேறும் வரை

மூன்று முதல் ஆறு வாரம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் கிருமி பாறையில் வளர்ந்து, நீங்கள் சேர்க்கும் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா ஒரே நாளில் 0 ஆகி, நைட்ரைட்டும் 0 ஆன பிறகே மீன். இந்தக் காலத்தில் நைட்ரேட் எண்ணை நம்ப வேண்டாம். நைட்ரைட் இருந்தால் அந்தச் சோதனை கூட்டிக் காட்டும். கேஎச், கால்சியம் எதையும் இப்போது துரத்த வேண்டாம். கடைசியில் ஒரு பெரிய தண்ணீர் மாற்றம் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

6. எந்த வரிசையில் அளப்பது

வெப்பம், உப்பு, கேஎச், மெக்னீசியம், கால்சியம், கடைசியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

போன வருடம் ஒரு தம்பி பதற்றமாகக் கேட்டார்: “அண்ணே, கால்சியம் 384-தான் காட்டுது. எவ்ளோ ஊத்தணும்?” உப்பு எவ்வளவு என்றேன். அளக்கவில்லை. அளந்தால் 32. இப்போது கணக்குப் பாருங்கள். 35-இல் 420 இருக்க வேண்டிய கால்சியம், 32-இல் 384 ஆகத்தான் இருக்கும். தண்ணீரில் கால்சியம் குறையவில்லை, மொத்தமும் நீர்த்திருக்கிறது. அவர் கால்சியம் ஊற்றியிருந்தால், பிறகு உப்பைச் சரிசெய்யும்போது எண் எகிறியிருக்கும்.

மெக்னீசியம் ஏன் கால்சியத்துக்கு முன்? கால்சியம் கார்பனேட் படிகமாக வளர்வதைத் தடுத்து நிறுத்துவது மெக்னீசியம். அது 1200-க்குக் கீழே இறங்கினால், நீங்கள் ஊற்றும் கால்சியமும் கேஎச்சும் ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளையாகப் படியும், தண்ணீரில் நிற்காது. எவ்வளவு ஊற்றியும் ஏறவில்லை என்று புலம்புபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

குறி எண்கள்: கேஎச் 7 முதல் 8.5 டிகேஎச், கால்சியம் 400 முதல் 440 பிபிஎம், மெக்னீசியம் 1280 முதல் 1350 பிபிஎம். இயற்கைக் கடல்நீரில் கால்சியம் ஏறக்குறைய 410, மெக்னீசியம் 1290, கேஎச் 7-க்குச் சற்றுக் கீழே. இந்த எல்லைக்குள் எந்த எண்ணாக இருந்தாலும் சரி. 7.4 இருப்பதை 8.0 ஆக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

எண் விசித்திரமாக வந்தால் மருந்தைத் தொடும் முன் திரும்ப அளங்கள். ஊசிக்குழலில் காற்றுக் குமிழ் இருந்திருக்கலாம், குப்பியைக் குலுக்க மறந்திருக்கலாம்.

7. தொட்டி ஒரு நாளில் எவ்வளவு சாப்பிடுகிறது?

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள். இன்று கேஎச் 7.8 என்பதில் பெரிய செய்தி இல்லை. எத்தனை நாளில் எவ்வளவு இறங்குகிறது என்பதே செய்தி.

முறை எளிது. ஒரு வாரம் எதுவும் சேர்க்காதீர்கள், தண்ணீரும் மாற்றாதீர்கள். முதல் நாளும், நான்காம் நாளும், ஏழாம் நாளும் ஒரே நேரத்தில் கேஎச் அளங்கள். விளக்கு எரியும் முன் காலையில் அளப்பது எனக்கு வசதி. தினமும் அளக்க வேண்டாம். வீட்டு டெஸ்ட் கிட்டில் 0.3 வரை பிழை சாதாரணம், ஒரு நாளைய இறக்கம் அந்தப் பிழைக்குள் மறைந்துவிடும். ஆறு நாளில் 8.2-இலிருந்து 6.4-க்கு வந்தால் இறக்கம் 1.8. நாளுக்கு 0.3.

கல் கூடு கட்டாத மென்பவளம் மட்டும் உள்ள தொட்டியில் வாரம் முழுக்கப் போனாலும் எண் அசையாது. அப்படியானால் அடுத்த பகுதியைப் படிக்கவே வேண்டாம். வாரம் 10 லிட்டர் தண்ணீர் மாற்றுவது போதும்.

கல்பவளம் வளர ஆரம்பித்ததும் தண்ணீர் மாற்றம் போதாது. தொட்டியில் 7.5, புதுத் தண்ணீரில் 8.5 என்றால், 10 சதவீதம் மாற்றுவதால் ஏறுவது 0.1 மட்டுமே. நாளுக்கு 0.3 சாப்பிடும் தொட்டிக்கு அது ஒரு வேளைக்கும் காணாது.

ஒவ்வொரு புதுப் பவளத்துக்குப் பிறகும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் இந்த ஒரு வாரக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

8. போனதைத் திரும்ப வைத்தல்

100 லிட்டருக்கான அளவுகள்:

கேஎச் 1 டிகேஎச் ஏற்ற: சமையல் சோடா 3 கிராம்.
கால்சியம் 10 பிபிஎம் ஏற்ற: கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 3.7 கிராம்.
மெக்னீசியம் 10 பிபிஎம் ஏற்ற: மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 8.4 கிராம்.

நாளுக்கு 0.3 இறங்கும் நம் தொட்டிக்கு, தினம் 0.9 கிராம் சோடா. ஒரு குவளை ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, பம்ப் நீர் வேகமாக ஓடும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். சோடா பிஎச்சைச் சற்று இறக்கும், அதனால் விளக்கு எரியும் பகல் நேரத்தில் ஊற்றுவது நல்லது.

ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. பவுடரில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும், பெரும்பாலும் பாஸ்பேட்டும். டப்பாவில் சோடியம் பைகார்பனேட் என்று மட்டும் எழுதியிருக்க வேண்டும்.

பவளம் 1 டிகேஎச் எடுத்தால் கூடவே ஏறக்குறைய 7 பிபிஎம் கால்சியமும் எடுக்கும். நாளுக்கு 0.3 என்றால் வாரத்துக்கு 15 பிபிஎம். அதற்கு 5.5 கிராம் கால்சியம் குளோரைடு, வாரம் ஒருமுறை. கேஎச்சைத்தான் தினமும் கவனிக்க வேண்டும். கால்சியத்தின் இருப்பு பெரியது, ஒரு வாரம் தாமதமானாலும் பவளத்துக்குத் தெரியாது.

இரண்டையும் ஒரே குவளையில் கரைக்காதீர்கள். பால் போலத் திரியும். ஒன்றை ஊற்றி அரைமணி நேரமாவது கழித்து மற்றதை ஊற்றுங்கள். இன்னொன்று: நம் ஊர்க் காற்றில் கால்சியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சிக் கஞ்சியாகிவிடும். கஞ்சியை எடை போட்டால் பாதி தண்ணீரையே எடை போடுகிறீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

ஏற்றும் வேகம்: கேஎச் ஒரு நாளுக்கு 1-க்கு மேல் வேண்டாம், கால்சியம் 20-க்கு மேல் வேண்டாம். பவளம் 6.5-இல் ஒரு வாரம் தாங்கும். 6.5-இலிருந்து ஒரே மாலையில் 9-க்குத் தூக்கினால் தாங்காது.

சுண்ணாம்புத் தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து, தெளிந்த நீரை நிரப்பும் தண்ணீரோடு விடுவது பழைய, நல்ல முறை. கேஎச்சும் கால்சியமும் சரியான விகிதத்தில் சேர்ந்தே போகும். ஆனால் எங்கும் சொல்லப்படும் அறிவுரை, நிரப்பும் தொட்டி முழுக்கச் செறிவான சுண்ணாம்புத் தண்ணீர் வையுங்கள் என்பது. நம் தொட்டியில் அதைச் செய்தால் என்ன ஆகும்? செறிவான சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு லிட்டர், 100 லிட்டரில் கேஎச்சை 1.1 ஏற்றும். விசிறியால் நமக்குத் தினம் 2 லிட்டர் போகிறது. ஆக நாளுக்கு 2.2 ஏறும், தொட்டி சாப்பிடுவதோ 0.3. ஆவியாதல் அதிகம், பவளம் குறைவு என்ற நம் நிலைமைக்கு அந்த அறிவுரை ஒத்துவராது. பயன்படுத்துவதானால் லிட்டருக்கு 0.2 கிராம் என்று நீர்த்தே கரைக்க வேண்டும். அதிலும் டிசம்பர் மழையில் ஆவியாதல் குறைந்தால் மருந்தும் குறைந்துவிடும். இவ்வளவு தொல்லைக்கு, சோடாவை எடை போட்டு ஊற்றுவது எனக்கு எளிதாக இருக்கிறது. பவளம் பெருத்து நாளுக்கு 1-ஐத் தொடும்போது சுண்ணாம்புக்கு மாறலாம்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை எடுத்துப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சுத்தமான பொடியாக வாங்குங்கள், கையுறை போட்டுக் கையாளுங்கள். அதன் பிஎச் 12-க்கு மேல், தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும்.

9. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்: 0 நல்ல எண் அல்ல

மீன் நிறைந்த தொட்டிக்காரர்கள் இந்த இரண்டையும் இறக்கப் பாடுபடுகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு நாமும் இறக்குகிறோம். நமக்கு இருப்பதோ மூன்று மீன். ஸ்கிம்மர் (காற்றை இழுத்துக் குமிழாக்கி அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி), பாஸ்பேட் நீக்கி, அழுக்கு வடிக்கும் நுண்ணிழை உறை என்று எல்லாவற்றையும் மாட்டினால் இரண்டும் 0 ஆகும். முதல் வாரம் பெருமையாக இருக்கும். பிறகு பவளம் வெளிறும். அதன்பின் மணலிலும் பாறையிலும் காற்றுக் குமிழோடு பழுப்புச் சளி இழை இழையாகத் தொங்கும். இரவில் காணாமல் போய், விளக்கு எரிந்ததும் திரும்பி வந்தால் அது பெரும்பாலும் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். பாசி என்று நினைத்து இன்னும் அதிகமாகச் சுத்தம் செய்வார்கள். அது இன்னும் பெருகும், ஏனென்றால் அதோடு போட்டிபோடும் மற்ற நுண்ணுயிர்களைத்தான் நாம் பட்டினி போடுகிறோம்.

குறி: நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம்.

0 காட்டினால் இந்த வரிசையில் போங்கள். முதலில் பாஸ்பேட் நீக்கியை எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் பாருங்கள். அடுத்து ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டுங்கள். இன்னும் ஏறவில்லையா, மீனுக்கு உணவைக் கூட்டுங்கள். உறைந்த இறாலை அலசாமல் போடலாம். அப்படியும் 0 என்றால் மட்டும் ரீஃப் தொட்டிக்கென்று கடையில் விற்கும் நைட்ரேட், பாஸ்பேட் கரைசல்களை வாங்குங்கள். ஒரே நாளில் மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஒரு சின்னக் கண்ணி. கையடக்க அளவுமானிகள் சில பாஸ்பேட்டைக் காட்டாமல் பாஸ்பரஸைப் பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலகில் காட்டும். அதை 3.07-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். 20 காட்டினால் 0.06 பிபிஎம், நல்ல எண். 20-ஐப் பார்த்துப் பயந்து நீக்கி போட்டவர்கள் இருக்கிறார்கள்.

10. பிஎச்: பாருங்கள், தொடாதீர்கள்

7.8 முதல் 8.4 வரை எங்கிருந்தாலும் சரி. இரவில் இறங்கும், பகலில் ஏறும்.

நம் வீடுகளில் பிஎச் இறங்கக் காரணம் பெரும்பாலும் அறைக் காற்று. ஏர்கான் போட்டுக் கதவு சன்னலை மூடினால் நாம் விடும் மூச்சின் கரியமில வாயு தண்ணீரில் கரைகிறது. தீபாவளியன்று கூடத்தில் இருபது பேர், சன்னல் மூடி, ஏர்கான் ஓடுகிறது. அன்று இரவு 7.7 காட்டினால் ஆச்சரியமில்லை. பிஎச் ஏற்றும் மருந்தை ஊற்றினால் ஏறுவது கேஎச்தான். விருந்தினர் போனதும் சன்னலைத் திறந்தால் பிஎச் தானாக ஏறும். கூடவே சாம்பிராணி போடும் நேரத்தில் ஸ்கிம்மரை நிறுத்திவையுங்கள், அந்தப் புகையையும் அதுதான் இழுத்துத் தண்ணீரில் கலக்கும்.

புகைமூட்ட நாட்களில் சன்னல் நாள்கணக்கில் மூடியே இருக்கும். அப்போதும் மருந்து வேண்டாம்.

11. இரண்டு வாரம் ஊருக்குப் போகும்போது

நாளுக்கு 0.3 என்றால் 14 நாளில் 4.2 டிகேஎச் போகும். சும்மா விட்டுவிட்டுப் போக முடியாது. மருந்தூட்டும் பம்ப் இருந்தால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மாட்டி ஓட்டிப் பாருங்கள், கிளம்பும் அன்று மாட்டாதீர்கள். கிளம்பும் மாதத்தில் புதுப் பவளம், புது மீன் எதுவும் வேண்டாம்.

பம்ப் இல்லாவிட்டால், இரண்டு நாளுக்கு ஒருமுறை வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்காக ஏழு சின்னப் புட்டிகளில் 1.8 கிராம் சோடாவைக் கரைத்துத் தேதி எழுதி வையுங்கள். உணவையும் அதேபோல் தனித்தனிப் பொட்டலமாக்கி விடுங்கள். டப்பாவைக் கையில் கொடுத்தால், பாவம் பசிக்குமே என்று அள்ளிப் போட்டுவிடுவார்கள். நிரப்புவதற்கு 30 லிட்டர் ஆர்ஓ தண்ணீர், மூடியோடு, “இதை மட்டும் ஊற்றவும்” என்று பெரிதாக எழுதி. உப்புத் தண்ணீர் வாளியை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.